தமாராவின் எனாமல் சட்டி

கிட்ட வந்து இருங்கள், பிள்ளைகள். கதவடியில் நின்றால் குளிர் அடிக்கும். சப்பாத்தைக் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டு வாருங்கள். தேத்தண்ணி ஆறமுதல் ஒரு கதை சொல்லிவிடுகிறேன். பெரிய கதை என்று நினைக்க வேண்டாம். ஒரு சட்டி மேல்மாடிக்கும் கீழ்மாடிக்குமாய் ஏறி இறங்கிய கதைதான். ஆனால் கேட்டு முடித்தபின், உங்கள் குசினியில் கிடக்கிற அயல்வீட்டுப் பாத்திரத்தை வேறு கண்ணால் பார்ப்பீர்கள். அதற்கு நான் பொறுப்பு.

நோர்வேயின் ஒஸ்லோ நகரத்துப் புருசெத்தில், சுரங்க ரயிலால் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் வருகிற கட்டடங்களில் ஒன்றின் இரண்டாம் மாடி. அங்கேதான் கமலேஸ்வரியின் வீடு. கணவர் சோதிலிங்கம் ஒரு காலத்தில் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் லேத் பிடித்தவர். இரும்பைக் கடைந்தால் மயிரிழை பிசகாது என்று பெயர் எடுத்த கை. எண்பத்தெட்டில் நாட்டை விட்டு வந்தபோது அந்தக் கைக்கு நோர்வே கொடுத்தது மீன் வெட்டுகிற கத்தியை. வடக்கே, மரம் முளைக்காத கடற்கரை ஊரொன்றில், புருசனும் பெண்சாதியும் எட்டு வருடம் மீன் ஆலையில் நின்றார்கள். மகள் மிதுனா அங்கேதான் பிறந்தாள். பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கினார்கள். சோதிலிங்கத்துக்கு ரயில்பெட்டி திருத்துகிற பட்டறை ஒன்றில் வேலை கிடைத்தது. பெட்டி திருத்துகிற வேலை இல்லை, கழுவுகிற வேலை. பின்னேர வகுப்புக்குப் போய், ஐம்பத்துநாலு வயதில் பரீட்சை எழுதி, இந்த நாட்டுத் தொழில் பத்திரமும் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டினார். மாட்டி நாலு வருடமாகியும் கழுவிக்கொண்டுதான் இருந்தார். பட்டறையில் அவரை "லிங்" என்று கூப்பிடுவார்கள். மிச்சப் பெயரை வாயில் வைக்க அங்கே ஒருவருக்கும் நேரமில்லை.

இரண்டாயிரத்தாறாம் ஆண்டு வசந்தத்தில் அவர்களுக்கு மேலே, மூன்றாம் மாடிக்கு ஒரு ரஷ்யக் குடும்பம் வந்தது. வாதிம், தமாரா. பிள்ளைகள் இல்லை. மூர்மன்ஸ்க் பக்கம் கப்பல் பட்டறையில் எஞ்சினியராக இருந்த மனிதர் வாதிம். அந்தப் பட்டறை படுத்துவிட, ஒப்பந்தத்தில் இங்கே வந்தவர். சோதிலிங்கத்தின் பட்டறையிலேயே எட்டு மாதத் தற்காலிக ஆளாக லேத்தில் நின்றார். தமாரா அங்கே இரசாயனக் கூடத்தில் வேலை செய்தவள். இங்கே முதியோர் இல்லத்துக் குசினியில், கமலேஸ்வரிக்குப் பக்கத்தில், உருளைக்கிழங்கு சீவினாள்.

வந்த புதிதில் அந்தப் படிக்கட்டில் குடியிருந்த ஒருவரும் அவர்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கீழ்மாடி நோர்வே மனிசி, உடுப்புத் தோய்க்கும் அறையில் தமாராவைக் கண்டால் தன் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். எங்கள் ஆட்கள் மட்டும் என்ன? எதிர்வீட்டுப் பரமநாதன் படியில் நின்றே சொன்னார்.

"பாத்துக்கொண்டிரும் சோதி. நாங்கள் இருவது வருசமாக் கூட்டித் துடைக்கிறம். உவை நேற்று வந்தவை. தோல் வெள்ளையெல்லே, கதவு தன்ரை பாட்டிலை திறக்கும்."

கமலேஸ்வரிக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை. வடக்கில் இருந்த காலத்தில் அவள் ரஷ்யப் பெண்களைக் கண்டிருக்கிறாள். சனிக்கிழமைகளில் எல்லை தாண்டி பஸ்ஸில் வந்து, சந்தியில் மேசை போட்டு, கண்ணாடிக் கிண்ணமும் பின்னல் விரிப்பும் எனாமல் சட்டியும் விற்பார்கள். ஊர் ஆம்பிளைகள் சிலர் சாமானைப் பார்க்காமல் ஆளைப் பார்ப்பதையும் கண்டிருக்கிறாள். ஒருநாள் கிழங்கு சீவிக்கொண்டிருக்கும்போது தமாராவே அதைச் சொன்னாள். இரண்டு பேருக்கும் பொதுப் பாஷை நோர்வேஜியன். இரண்டு பேருக்கும் அது நொண்டும்.

"நானும் இரண்டு சனிக்கிழமை நின்றேன். சம்பளம் வராத வருடம் அது. என்னிடம் ஒருவன் விலை கேட்டான். கிண்ணத்துக்கு இல்லை." சொல்லிவிட்டு இன்னொரு கிழங்கை எடுத்தாள். "மூன்றாம் சனிக்கிழமை நான் போகவில்லை."

கமலேஸ்வரி தன் கையிலிருந்த கிழங்கைச் சீவி முடித்தாள். அன்று பின்னேரம் கத்தரிக்காய் பொரித்துப் பால் விட்டுக் குழம்பு வைத்து, ஒரு டப்பாவில் கொண்டுபோய் மேலே கொடுத்தாள். இரண்டு நாளில் டப்பா திரும்பி வந்தது, உள்ளே ஊறவைத்த காளானோடு.

"என்ன தமாரா இது?"

"வெறும் பாத்திரம் திருப்பிக் கொடுக்கக்கூடாது. எங்கள் ஊரில் அப்படி. வீட்டுக்கு வறுமை வரும்."

"எங்கட ஊரிலையும் அப்பிடித்தான்!" என்று கமலேஸ்வரி தமிழிலேயே கத்திவிட்டாள்.

அன்றிலிருந்து பிடித்தது அந்த ஏற்ற இறக்கம். தமாராவிடம் ஒரு எனாமல் சட்டி இருந்தது. பால் வெள்ளை, வயிற்றில் சிவப்புப் பழக்கொத்து, விளிம்பில் விரல் நகமளவு எனாமல் தெறித்துக் கறுப்பாக இருக்கும். அது மேலே போகும்போது புட்டோ உளுந்து வடையோ இருக்கும். கீழே வரும்போது பீட்ரூட் சூப்போ தோசை போன்ற ரஷ்ய அப்பமோ இருக்கும். கமலேஸ்வரி வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் தொடமாட்டாள் என்று தெரிந்தபின், வெள்ளியென்றால் கோவா இலையை அரிந்து உள்ளே வைத்த பணிஸ்தான் வரும். வாங்குவதும் கொடுப்பதும் வீட்டுக்கு உள்ளேதான். நிலைப்படியில் நின்று கைமாறினால் சண்டை வரும் என்பாள் தமாரா. இவளுக்கும் தாய் சொல்லி வளர்த்தது அதுதான்.

ஆம்பிளைகளின் சிநேகிதம் வேறு வழியாய் வந்தது. ஒருநாள் காலமை சோதிலிங்கம் ரயிலில் போய்க்கொண்டிருக்கிறார். அடியில் "டக், டக், டக்" என்று ஒரு சத்தம். தண்டவாளத்து இலையில் வழுக்கி இழுபட்ட சில்லின் ஒரு பக்கம் தேய்ந்து தட்டை விழுந்தால் அப்படித்தான் தட்டும். மற்றவர்களுக்கு அது ரயில் சத்தம். சோதிலிங்கம் தலையை நிமிர்த்தினார். எதிரில் இருந்த வாதிமும் அதே கணம் நிமிர்ந்தார். வாதிம் இரண்டு விரலைக் காட்டினார், இரண்டாவது அச்சு என்று. சோதிலிங்கம் தலையை ஆட்டி மூன்று விரலைக் காட்டினார். பட்டறையில் பார்த்தபோது மூன்றாவது அச்சுத்தான்.

"உன் அப்பா பெயர் என்ன?" என்று வாதிம் கேட்டார்.

"கந்தையா. ஏன்?"

"எங்கள் ஊரில் மதிப்பான ஆளை அப்பா பெயரும் சேர்த்துத்தான் கூப்பிடுவோம். நீ இனி கந்தையாவிச்."

வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லி அவர் சிரித்ததை கமலேஸ்வரி மறக்கவில்லை. மிதுனா விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, கந்தையாவிச் எண்டால் ஏதோ மருந்துக் குளிசையின்ரை பேர் மாதிரிக் கிடக்கு."

"போடி. பத்து வருசத்திலை அந்தப் பட்டறையிலை என்ரை அப்பற்றை பேரைக் கேட்ட ஒரே மனிசன் அவன்."

மிதுனாவின் பதினேழாவது பிறந்தநாளுக்கு வாதிமும் தமாராவும் வந்தார்கள். எங்கள் ஆம்பிளைகள் செய்யக்கூடிய பிழையைச் செய்தார்கள். ரஷ்யன் வந்திருக்கிறான், ஊத்தாமல் விடலாமா என்று பரமநாதன் போத்தலோடு நின்றார். வாதிம் கிளாசைக் கையால் பொத்தினார். ஊத்தப் பார்த்தார்கள், பொத்தினார். பிறகு சோதிலிங்கத்தை யன்னலடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாராம், தன் தகப்பன் குடித்துவிட்டுப் பட்டறை வாசலில் விழுந்து பனியில் விறைத்துச் செத்தவர், தான் ஒரு சொட்டும் தொட்டதில்லை என்று. அன்று படுக்கமுதல் சோதிலிங்கம் அதை மனிசிக்குச் சொல்லிவிட்டு, "இந்தப் படியிலை குடிக்காத ஒரே ஆம்பிளை ரஷ்யன்தான் கமலேஸ்" என்றார்.

ஒக்டோபரில் பட்டறையில் சில்லுக் கடைகிற லேத்துக்கு நிரந்தர ஆள் கேட்டு அறிவித்தல் வந்தது. ஒரே ஒரு இடம். சோதிலிங்கத்துக்கு ஐம்பத்தெட்டு, இதை விட்டால் பென்சன் வரைக்கும் தண்ணிக் குழாய்தான். வாதிமுக்கு இதை விட்டால் ஒஸ்லோவே இல்லை. அவருடைய வதிவிட அனுமதி தொழிலோடு கட்டினது. நவம்பர் முடிந்தபின்னும் படித்த தொழிலில் வேலை இருந்தால் இங்கே இருக்கலாம். இல்லையென்றால் வடக்கே போகவேண்டும், அந்தப் பக்கம் மீன் ஆலைகளுக்கு ரஷ்யர்களை இலேசாய் எடுக்கிறார்கள் என்று கேள்வி.

இரண்டு விண்ணப்பமும் கமலேஸ்வரியின் சாப்பாட்டு மேசையில்தான் எழுதப்பட்டன. மிதுனா நடுவில் இருந்து இரண்டு பேருக்கும் நோர்வேஜியனைத் திருத்திக் கொடுத்தாள்.

"அப்பா, ஒரே வேலைக்கு ரெண்டு பேருக்கும் நானே எழுதிறன். எனக்கே விசர் பிடிக்கப் போகுது."

"நல்லா எழுது. ரெண்டையும் நல்லா எழுது" என்றார் சோதிலிங்கம். வாதிம் பழ ஜாம் போட்ட தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டு, "யார் வென்றாலும் மற்றவருக்குக் கேக்" என்றார். அந்த நேரத்தில் இரண்டு பேரும் மனதாரத்தான் சொன்னார்கள்.

மூன்று கிழமை போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை சோதிலிங்கம் வேலையால் வந்து, சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். வேலை அவருக்கு. மிதுனா கட்டிப்பிடித்தாள். கமலேஸ்வரி சாமி அறையில் விளக்கைத் தூண்டிவிட்டு வந்தாள். அவள் கண் நிறைந்து போயிருந்தது. ஆனால் மனிசன் சப்பாத்துக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார்.

அப்போதுதான் கதவு தட்டியது. தமாரா. எனாமல் சட்டி நிறையக் கோவா பணிஸ்.

"கேக் இல்லை, மா எல்லாம் இதற்கே முடிந்துவிட்டது. இதுதான் கேக்" என்று உள்ளே வந்து கமலேஸ்வரியின் கையில் வைத்தாள். கண் சிவந்திருந்தது, வாய் சிரித்தது. "வாதிம் பிறகு வருவார். இப்போது கொஞ்சம் படுத்திருக்கிறார். வாழ்த்துகள், கந்தையாவிச்."

சோதிலிங்கம் எழும்பினார், திரும்ப இருந்தார். தமாரா போய்விட்டாள். மிதுனா தோழிக்குச் சொல்ல அறைக்குள் போனாள்.

"என்னப்பா, கோவா பணிஸ் உங்களுக்கு விருப்பமெல்லே? சூடா ஒண்டு எடுங்கோவன்."

"வேண்டாம்."

"வேலை கிடைச்ச மனிசன் இருக்கிற இருப்பே இது? செத்தவீடு மாதிரி."

அவர் குனிந்து ஒரு சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சொன்னார். "கமலேஸ், போன கிழமை போர்மன் என்னட்டை ஒண்டு கேட்டவன்."

"என்னத்தை?"

"'ரஷ்யர் குடிப்பினமாமே, நீ அவனோடை ஒரே படியிலை இருக்கிறனி, ஆள் எப்பிடி' எண்டு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"தெரியாது எண்டனான்."

கமலேஸ்வரி சட்டியை மேசையில் வைத்தாள். மூடி கொஞ்சம் சரிந்து ஆவி வந்தது.

"தெரியாதோ? மிதுனாவின்ரை பிறந்தநாளுக்கு அந்த மனிசன் கிளாசைப் பொத்தினதை ஆர் பாத்தது? தேப்பன் பனியிலை விறைச்ச கதையை ஆருக்குச் சொன்னவர்? பரமநாதனுக்கோ?"

"நான் பொய் சொல்லேல்லை."

"இல்லைத்தான். ஒரு சொல்லை விழுங்கினனீங்கள்."

"பதினெட்டு வருசம், கமலேஸ்." அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். "மீன் வெட்டினன். பெட்டி கழுவினன். லேத்துக்குப் பக்கத்தாலை போய் வரேக்கை அந்த இரும்பு மணத்துக்கு நிண்டு மூச்சு இழுத்திட்டுப் போவன், களவெடுக்கிறவன் மாதிரி. அவன் கேக்கேக்கை... வாய் வரேல்லை. அவ்வளவுதான். நான் நினைச்சுச் செய்யேல்லை."

"அந்த வேலை உங்கட கைக்கு உரியது. அதை ஆரும் இல்லையெண்டேலாது. நானும் சொல்லன்." அவள் மூடியை நேராக்கினாள். "ஆனா இப்ப இந்தச் சட்டியை நான் என்ன செய்யிறது? வெறுமையாக் குடுக்கேலாது. இதுக்குள்ளை ஒண்டைப் போட்டுக் குடுக்கவும் எனக்குக் கை வராது. நீங்களே சொல்லுங்கோ."

அவர் சட்டியைப் பார்க்காமல் எழும்பிப் போய்க் கையைக் கழுவினார்.

பணிஸை வீணாக்கக்கூடாது என்று மிதுனா மட்டும் தின்றாள். சட்டி கழுவி, துடைத்து, குசினி யன்னலடியில் கவிழ்ந்து கிடந்தது. சனி, ஞாயிறு போயிற்று. சாதாரணமாய் ஒரு நாளுக்கு மேல் அது இரண்டாம் மாடியில் தங்குவதில்லை. மிதுனா கேட்டாள், "அம்மா, ஏன் இன்னும் குடுக்கேல்லை?" "அப்பாவைக் கேள்" என்றாள் தாய். மிதுனா தகப்பனின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. வெளியே முதல் பனி மழையோடு கலந்து சேறாய் விழுந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை முதியோர் இல்லத்துக் குசினியில் தமாராவும் கமலேஸ்வரியும் கிழங்குச் சாக்கின் இரண்டு பக்கமும் இருந்தார்கள்.

"வடக்கே போகிறோம். வியாழக்கிழமை" என்றாள் தமாரா. "மீன் ஆலை. இரண்டு பேருக்கும். நீ இருந்த ஊருக்குப் பக்கம். அங்கே மரம் இருக்கிறதா?"

"இல்லை. காற்று இருக்கு."

"மனிதர் எப்படி?"

கமலேஸ்வரி யோசித்தாள். "முதல் வருடம் பார்க்க மாட்டார்கள். இரண்டாம் வருடம் தலையாட்டுவார்கள். மூன்றாம் வருடம் ஒருநாள் கதவைத் திறந்தால், பையில் மீன் தொங்கும். யார் வைத்தது என்று தெரியாது."

"நான் ரஷ்யப் பொம்பிளை. எனக்கு நாலாம் வருடம் ஆகும்." தமாரா சிரித்தாள். பிறகு கத்தியை வைத்துவிட்டு, "வாதிம் கப்பலின் சுழலி செய்தவர், கமலா. அந்தக் கை மீன் வெட்டும்" என்றாள்.

கமலேஸ்வரிக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடவேண்டும் போல இருந்தது. ஆனால் அது அவள் சொல்லவேண்டிய சொல் இல்லை. சொல்லவேண்டியவர் வேறு ஆள். அவள் வேறொன்றைச் சொன்னாள். "றப்பர் கையுறைக்கு உள்ளே பருத்திக் கையுறை போடு. இரண்டு சோடி. ஈரமானதை மாற்று, சோம்பல் படாதே. பின்னேரம் கையைச் சுடுதண்ணியில் வைக்காதே, இளஞ்சூட்டில் வை. இல்லாவிட்டால் விரல் வெடிக்கும்." தன் பெருவிரலின் பழைய வெடிப்புத் தழும்பைக் காட்டினாள். தமாரா அதைத் தடவிப் பார்த்தாள்.

செவ்வாய் பின்னேரம் சோதிலிங்கம் வந்ததும் குசினி வாசலில் நின்றார்.

"போர்மனிட்டைப் போனனான்."

அவள் அடுப்பைக் குறைத்தாள்.

"'நீ கேட்டதுக்கு நான் அரைகுறையாச் சொன்னனான். அவன் குடிக்கிறேல்லை, ஒரு சொட்டும். என்னைவிட நல்ல கை' எண்டனான்."

"அதுக்கு என்ன சொன்னவன்?"

"'அதுவோ? நான் சும்மா கதைக்குக் கேட்டது. உன்ரை பேர் அதுக்கு முதலே போட்டாச்சு' எண்டான். வாதிமுக்கு வேற இடம் இருக்கோ எண்டும் கேட்டனான். இல்லையாம்."

"உண்மையாத்தான் சொன்னவனோ?"

"தெரியாது. என்னைச் சமாளிக்கச் சொன்னானோ, மெய்தானோ. இனி எனக்கு அது தெரியவரப் போறேல்லை, கமலேஸ். அந்த லேத்திலை நிக்கிற நாள் முழுக்க இது என்னோடை நிக்கும்."

கமலேஸ்வரி அடுப்பை அணைத்தாள். பிறகு அலுமாரியைத் திறந்து உளுந்துப் பேணியை எடுத்தாள்.

"என்ன செய்யப் போறீர்?"

"பருத்தித்துறை வடை. ஒரு மாசம் வைச்சாலும் பழுதாகாது. வடக்குக்கு ரெண்டு நாள் வழி. உளுந்து ஊறட்டும், செத்தல் மிளகாயை நீங்கள் இடியுங்கோ. ஆனா சொல்லிப்போட்டன், சட்டியைக் கொண்டு போறது நான் இல்லை."

புதன்கிழமை பின்னேரம் அவித்த கோதுமை மாவும் உளுந்தும் பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும் பிசைந்து, அவள் தட்டத் தட்ட அவர் பொரித்தார். தட்டை வடை ஒவ்வொன்றும் பொன்னிறமாய் எண்ணெயில் மிதந்து வந்தது. கடதாசி விரித்துச் சட்டியில் அடுக்கி மூடினாள். மனிசன் கையில் கொடுத்தாள்.

அவர் முன்னே ஏறினார். அவள் அரைப் படி கீழே நின்றாள், கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்.

வாதிம் கதவைத் திறந்தார். உள்ளே பெட்டிகள் கட்டிக் கிடந்தன. சுவரில் படம் மாட்டியிருந்த ஆணி மட்டும் நின்றது.

சோதிலிங்கம் வெளியே நின்றபடியே சொன்னார். நோர்வேஜியன் அவருக்கு அன்று இன்னும் கூட நொண்டியது. போர்மன் கேட்டது, தான் "தெரியாது" என்றது, தெரிந்துகொண்டே அப்படிச் சொன்னது, பிறகு போய்ச் சொன்னது, போர்மன் சொன்ன பதில். எதையும் மறைக்கவில்லை, எதையும் நியாயப்படுத்தவும் இல்லை. முடித்துவிட்டு இரண்டு கையாலும் சட்டியை நீட்டினார்.

வாதிம் வாங்கவில்லை.

சோதிலிங்கம் நீட்டிய கையை எடுக்கவில்லை. மூடி சட்டியின் விளிம்பில் தட்டியது. டக், டக், டக். படிக்கட்டு முழுவதும் அது கேட்டது. உள்ளிருந்து தமாரா ரஷ்ய மொழியில் என்னவோ கேட்டாள். வாதிமின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. கமலேஸ்வரி படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இப்போது கதவு சாத்தும் என்று நினைத்தாள். சாத்தினாலும் பிழை சொல்ல முடியாது என்றும் நினைத்தாள்.

வாதிம் குனிந்து, தன் காலுக்கும் சோதிலிங்கத்தின் காலுக்கும் நடுவில் இருந்த நிலைப்படியைப் பார்த்தார்.

"இங்கே வைத்து வாங்க மாட்டேன்" என்றார். "எனக்குக் கோபம் இருக்கிறது. உள்ளே வந்தால் அதையும் சொல்லுவேன். நிறையச் சொல்லுவேன்." ஒரு பக்கமாய் விலகி நின்றார். "உள்ளே வா, கந்தையாவிச்."

சோதிலிங்கம் செருப்பைக் கழற்றினார். சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நிலைப்படியில் மிதிக்காமல், அதைத் தாண்டிக் காலை உள்ளே வைத்தார். கதவு சாத்திக்கொண்டது. கமலேஸ்வரி படியிலேயே குந்தினாள். உள்ளே வாதிமின் குரல் உயர்ந்தது, நெடுநேரம் உயர்ந்தே கேட்டது. இடையில் சோதிலிங்கத்தின் "ஓம், ஓம்" என்கிற தமிழ். பிறகு சத்தம் அடங்கியது. பிறகு, பருத்தித்துறை வடையை ஆரோ கடித்து நொறுக்குகிற சத்தம் வந்தது. அதைக் கேட்டபின்தான் அவள் எழும்பிக் கீழே போய் உலையை வைத்தாள்.

வியாழன் காலமை நாலு பேருமாய்ப் பெட்டிகளை இறக்கினார்கள். கீழ்மாடி நோர்வே மனிசிகூடக் கதவைத் திறந்து பிடித்தாள். அலுமாரியை வாதிமும் சோதிலிங்கமும் ஆளுக்கொரு முனையாய்த் தூக்கி, மூன்று மாடியும் ஒரு இடத்திலும் சுவரில் உரசாமல் இறக்கினார்கள். இரண்டு பேரும் அதிகம் கதைக்கவில்லை. வான் வெளிக்கிடும்போது தமாரா எனாமல் சட்டியை மடியில் வைத்திருந்தாள், மூடியைத் துணியால் கட்டி.

"கமலா, இது என் சட்டி. உள்ளே இருப்பது உன்னுடையது. இப்போது யாருடைய முறை?"

கமலேஸ்வரிக்கு உடனே கணக்குப் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது, வடை போனால் சட்டி நிறைந்து திரும்பி வரவேண்டும். "உன்ரை முறை" என்றாள் தமிழில். தமாராவுக்கு விளங்கிற்று.

அடுத்த நாள் சோதிலிங்கம் முதன்முதலாய் லேத்தில் நின்றார். இலை உதிர்ந்து ஓய்ந்த காலம், தட்டை விழுந்த சில்லுகள் வரிசையாய்க் கிடந்தன. ஒவ்வொன்றையும் வட்டமாக்கினார். வீட்டுக்கு வந்தபோது உடுப்பில் இரும்பு மணம் இருந்தது. அந்த மணம் வந்தால் அவர் சிரிப்பார் என்று கமலேஸ்வரி பதினெட்டு வருடமாய் எதிர்பார்த்திருந்தாள். அவர் சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, "வடக்கிலை இப்ப இருட்டிக் கிடக்கும், என்ன?" என்று கேட்டார்.

"ஓம்" என்றாள் அவள். "மூண்டாம் வருசம் வெளிச்சம் வரும்."

போங்கள் பிள்ளைகள், தேத்தண்ணி ஆறிப்போச்சு, குடித்துவிட்டுப் போங்கள். உங்கள் வீட்டிலிருந்து போகிற பாத்திரம் நிறைந்து போகட்டும், வருகிற பாத்திரம் நிறைந்து வரட்டும். உங்கள் கைக்கு உரிய வேலை உங்களைத் தேடி வரட்டும், வரும்போது நெஞ்சில் கறையில்லாமல் வரட்டும். உங்கள் வாசலில் வந்து நிற்கிறவர் ஆராயிருந்தாலும், உள்ளே வா என்று சொல்ல உங்கள் வீட்டில் எப்போதும் ஒரு வாய் இருக்கட்டும்.